மலிவு உணவகமும் பந்திச் சமத்துவமும்: தமிழகச் சிற்றுண்டிச் சாலைகளின் சமூக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அன்றன்று சமைத்த உணவைக் குறைந்த விலைக்கு வழங்கும் சிற்றுண்டிச் சாலை, 20ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் முதன்மையான பொதுவிடங்களுள் ஒன்று. அதன் மலிவு, பெருந்திரளான வாடிக்கையாளரை நம்பியிருந்தது. அத்திரளையோ சாதி பிரித்து வைத்தது. வணிக நலன் மட்டும் இப்பிரிவை நீக்கவில்லை, போராட்டமும் சட்டமும் தேவைப்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சிற்றுண்டிச் சாலை, காப்பி கிளப், சாதி, பொதுவிடம், சுயமரியாதை இயக்கம்.

முன்னுரை

உணவை விலைக்கு விற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி அங்காடியில் தின்பண்டம் விற்போரைக் காட்டுகிறது; அப்பம் சுட்டு விற்கும் கூவியரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. ஆயினும் வழிப்போக்கருக்குச் சோறிடுவது சத்திரங்களின் அறமாகவே கருதப்பட்டது; சோற்றை விற்பது தகாது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. முன்பின் அறியாதவரோடு ஒரே கூரையின்கீழ் அமர்ந்து காசு கொடுத்து உண்ணும் வழக்கம், 1856இல் இராயபுரத்திலிருந்து தொடங்கிய ரயில் போக்குவரத்தோடும் நகர வளர்ச்சியோடும் பரவியது. அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி ஆகியவற்றை நாடி நகருக்கு வந்தோர்க்கு வீட்டிற்கு வெளியே அன்றாட உணவு தேவையாயிற்று.

மலிவின் பொருளியல்

சிற்றுண்டிச் சாலையின் உணவுப் பட்டியல் நீண்டிருப்பினும் அதன் மூலப்பொருள்கள் சிலவே. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு, அளவும் பதமும் மாறுவதற்கேற்ப இட்லியாகவும் தோசையாகவும் ஊத்தப்பமாகவும் வடிவெடுக்கிறது. ஒரே சாம்பார் இவை அனைத்திற்கும் துணையாகிறது. இட்லிக்கு எண்ணெய்ச் செலவும் மிகக் குறைவு. வாழையிலை பாத்திரம் கழுவும் வேலையைக் குறைத்ததோடு, பிறர் உண்ட கலத்தில் உண்ணும் தயக்கத்தையும் போக்கியது.

இப்பொருள்கள் விரைவில் கெடுபவை. பொங்கிய மாவு நேரம் செல்லச் செல்லப் புளித்துப்போகும். தேங்காய்ச் சட்னி சில மணி நேரமே தாங்கும். குளிர்பதன வசதியற்ற காலத்தில் அன்றைய மாவை அன்றே விற்றுத் தீர்க்க வேண்டியிருந்தது. எனவே குறைந்த இலாபத்தில் பலருக்கு விற்பதே தொழிலின் வழியாயிற்று. கூட்டம் பெருகினால் விலை குறையும். விற்பனை விரைந்தால் உணவு சூடாக இலைக்கு வரும். இக்கணக்கின்படி, கடையின் கதவு யாவர்க்கும் திறந்திருப்பதே உரிமையாளருக்கு ஆதாயம். நடைமுறையோ வேறாக இருந்தது.

பிரிக்கப்பட்ட பந்தி

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருகிய 'காப்பி கிளப்'புகள் பலவற்றைப் பிராமணர் நடத்தினர். பிராமணர் சமைத்ததைப் பிற சாதியினரும் ஏற்பர் என்னும் சாதிய விதி, அச்சமையலுக்கு மிகப் பரந்த சந்தையைத் தந்தது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தோரும் இத்தொழிலில் சிறந்தனர், கே. கிருஷ்ணராவ் சென்னையில் நிறுவிய உட்லண்ட்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் சமையல் பொதுவாயினும் பந்தி பொதுவாகவில்லை. பல உணவகங்களில் பிராமணர்க்குத் தனியிடமும் பிறர்க்கு வேறிடமும் ஒதுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோர்க்கு நுழைவே மறுக்கப்பட்டது. ரயில் நிலைய உணவுச் சாலைகளிலும் இத்தகைய பிரிவு நிலவியது. சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர் எதிர்ப்புக்குப் பின்னர் 1941இல் அது நீக்கப்பட்டது.

இங்குக் கருதத்தக்கது, வணிகம் சாதியோடு செய்துகொண்ட சமரசம். ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால், சாதித் தூய்மை நாடும் வாடிக்கையாளரையும் இழக்க வேண்டியதில்லை. பிறர் தரும் காசையும் இழக்க வேண்டியதில்லை. ஆகவே சந்தை, பிரிவினையை அழிக்காமல் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

சட்டமும் போராட்டமும்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், இத்தகைய தடையைத் தண்டனைக்குரியதாக்கியது. நுழைவுரிமை கிடைத்த பின்னும் பெயர்ப் பலகை எஞ்சியிருந்தது. சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் 1957இல் மறியலைத் தொடங்கியது. ஒரு சாதியின் உயர்வைப் பொதுவிடத்தில் அறிவிப்பது பிறரை இழிவுபடுத்துவதாகும் என்பது அதன் வாதம். மாதக்கணக்கில் பலர் சிறைசென்ற பின், 1958இல் அச்சொல் நீக்கப்பட்டது.

ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளிலோ இரட்டைக் குவளை முறை சட்டத்திற்குப் பின்னரும் தொடர்ந்தது. நகர உணவகத்தில் வருபவர் யாரென ஒருவரையொருவர் அறியார். ஊரிலோ ஒவ்வொருவர் சாதியும் அனைவரும் அறிந்தது. ஒரே சட்டம் ஈரிடத்திலும் வெவ்வேறு விளைவு தந்ததற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும்.

முடிவுரை

2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய்க்கும் சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் தயிர் சாதம் 3 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்தனர்; சமைப்பவரின் சாதி அங்கு விளம்பரமாகவில்லை. இம்மலிவு அரசு மானியத்தால் அமைந்தது என்பதும் கருதத்தக்கது. இட்லியின் விலையைக் குறைப்பதற்குத் திறமையான வணிகமும் மானியமும் போதும். அதை எவரும் எவரருகிலும் அமர்ந்து உண்பதற்கு அரை நூற்றாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. ஆகவே உணவக வரலாற்றை எழுதுவோர், என்ன விற்கப்பட்டது என்பதோடு, யார் எங்கே அமர்த்தப்பட்டனர் என்பதையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.