கறுப்பு ஸ்டிக்கர் கதை

திருவண்ணாமலை வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கிற மலை நம்முடையது. அம்பாசிடர் காலத்தில் காரின் பின்கண்ணாடிக்குத் திரை கட்டினோம். பிறகு வந்தது கறுப்பு ஸ்டிக்கர். கார் வாங்கிய கையோடு அதை ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் விதி பழையது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறதே, அந்த மாவட்டம் பிறந்த அதே 1989-இல் வந்தவைதான் மத்திய மோட்டார் வாகன விதிகள். அதில் 100-ஆவது விதிப்படி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதம். பல வருஷம் அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது.

கறுப்புக் கண்ணாடி குற்றவாளிகளுக்கு மறைவாகிறது என்று ஒருவர் பொதுநல வழக்குப் போட்டார். 2012 ஏப்ரல் 27 அன்று, தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியாவின் அமர்வு தீர்ப்பளித்தது. கம்பெனியிலேயே அந்த அளவுக்குள் சாயமேற்றி வரும் கண்ணாடி சரி. மேலே ஒட்டும் பிலிமோ வேறு எந்தப் பொருளோ கூடாது. மே 4 முதல் தடை. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. ஊர் ஊராகப் போலீசார் வண்டிகளை நிறுத்தி ஸ்டிக்கரை உரித்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அதே வருஷம் டிசம்பர் 16 அன்று டெல்லியில் அந்தப் பெண்ணைச் சிதைத்த பஸ்ஸிலும் கறுப்பு பிலிமும் திரையும் இருந்தன. தடை வந்து ஏழு மாதம் கழித்து, தலைநகரின் சாலைகளிலேயே அது சுற்றியிருக்கிறது. உத்தரவு மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2020-இல் விதி திருத்தப்பட்டது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், தரமான பிலிம் ஒட்டலாம் என்றது. ஆனால் 70, 50 என்ற கணக்கு அப்படியே நிற்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கணக்குதான்.

காரணம் நம் கிரிவலப் பாதை. 14 கிலோமீட்டர். பௌர்ணமி இல்லாத நாளிலும் விடியற்காலையிலும் ராத்திரியிலும் வெறுங்காலோடு ஆட்கள் நடக்கிறார்கள். இருட்டில் கறுப்புக் கண்ணாடி வழியே பார்க்கும் டிரைவருக்கு ஓரமாகப் போகும் கிழவி எப்படித் தெரிவாள்? வண்டி நிற்கும்போது அட்டை வைத்து வெயிலை மறையுங்கள், தப்பில்லை. சாவி போடும்போது அதை எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பவருக்குக் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான்.