மாற்றாள் அனுப்பாமல் ஒரு நாள்: விடுப்பு உரிமையின் வரலாறு

சென்ற ஆடி மாதம் வட மாவட்டத்து நகராட்சி ஒன்றில், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வாழும் குடியிருப்புக்குக் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தேன். ஒரு அக்கா கூழ் ஊற்றும் திருவிழாவுக்காகச் சொந்த ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "லீவு கொடுத்துட்டாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"லீவா? தங்கச்சிய அனுப்புறேன். மூணு நாளைக்கு எம் பேர்ல அவ கூட்டுவா. அந்தக் கூலி அவளுக்கு. ஆள் அனுப்பலன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு" என்றார். பிறகு, "உங்களுக்கெல்லாம் சம்பளத்தோட லீவு உண்டாமே பாப்பா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். ஆனால் நான் எடுப்பதில்லை என்றும், அந்த மார்ச்சோடு எனக்கிருந்த 14 நாட்கள் காலாவதியாகிவிட்டன என்றும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கொடுத்தும் எடுக்கலியா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் படித்தபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். களத்தில் இருக்கும் இளம் தோழர்களும், படித்து முடித்து முதல் வேலைக்குப் போகவிருக்கும் மாணவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், மாற்றாள் அனுப்பாமல் ஒரு நாள் வீட்டில் இருப்பது என்பது நம் மக்களுக்கு நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்ட ஒன்று.

'வெட்டி' என்ற சொல்

இன்று வேலையில்லாமல் திரிபவரை 'வெட்டியாக இருக்கிறான்' என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. அரசனுக்கும் ஊருக்கும் கோயிலுக்கும் மக்கள் கூலி வாங்காமல் செய்ய வேண்டிய வேலை அது. கூலி தராமல் வாங்கிய உழைப்புக்கான சொல், பிற்காலத்தில் சோம்பலுக்கான சொல்லாக மாறிவிட்டது. உழைத்தவரைச் சோம்பேறி என்று ஏசும் வழக்கம் நம் மொழியிலேயே படிந்திருக்கிறது.

கிராமத்தில் வெட்டியான், தோட்டி என்று அழைக்கப்பட்டவர்களின் வேலைக்கு நேரம் கிடையாது. நள்ளிரவில் சாவு விழுந்தாலும் அவர்தான் போக வேண்டும். ஊர் ஊராக நடந்து இழவு சொல்ல வேண்டும். செத்த மாட்டை இழுக்க வேண்டும். அதிகாரி வந்தால் ஏவல் செய்ய வேண்டும். காரணம், அது வேலையாகக் கருதப்படவில்லை. பிறப்பின் கடமையாகக் கருதப்பட்டது. வேலையிலிருந்து விடுப்பு கேட்கலாம். பிறப்பிலிருந்து எப்படி விடுப்பு கேட்பது?

இதே முறை மராட்டியத்தில் 'வதன்' என்ற பெயரில் இருந்தது. மகர் மக்கள் சிறிது மானிய நிலத்துக்கும் ஊரார் தரும் தானியத்துக்கும் அரசுக்கும் ஊருக்கும் ஊழியம் செய்தார்கள். 1874ஆம் ஆண்டின் பம்பாய் பரம்பரைப் பதவிகள் சட்டம் இதற்குச் சட்ட வடிவமும் கொடுத்திருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் இதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அவர் அடுக்கிய குறைகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஊழியத்துக்கு உரிய மகர் வீட்டில் இல்லையென்றால், அவருடைய தகப்பனையோ வீட்டில் இருக்கும் வேறொருவரையோ அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போகலாம். கூலி ஒருவருக்கு என்றாலும் குடும்பம் முழுவதும் இரவு பகலாகக் கட்டுண்டிருந்தது. வதன் முறையை ஒழிக்கும் சட்டம் வர 1958 ஆயிற்று.

நான் பார்த்த அக்கா தன் தங்கையை அனுப்பியதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் போய்விட்டது. பழக்கம் ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை யார் கொடுத்தது?

ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரன் தேவாலயத்துக்குப் போவதற்காகக் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அலுவலகங்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். பஞ்சாலைத் தொழிலாளிக்கு அது போராடிக் கிடைத்தது.

1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் முக்கியமாகக் குழந்தைத் தொழிலாளர்களையே கவனித்தது. வயது வந்தவர்களுக்கு வேலை நேர வரம்பும் இல்லை, வார விடுமுறையும் இல்லை. பம்பாய் ஆலைகளில் விடியலில் தொடங்கும் வேலை பொழுது சாயும் வரை நடந்தது. இந்த நிலையை எதிர்த்துத் தொழிலாளர்களைத் திரட்டியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மகாத்மா ஜோதிபா புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். 'தீனபந்து' இதழின் ஆசிரியர். 1884இல் அவர் கூட்டிய கூட்டங்களில் உருவான கோரிக்கை மனுவில் 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கையெழுத்திட்டனர். முதல் கோரிக்கை வாரம் ஒருநாள் ஓய்வு. அடுத்தது, நண்பகலில் அரை மணி நேர இடைவேளை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1890 ஏப்ரலில், பம்பாய் மகாலட்சுமி மைதானத்தில் சுமார் 10,000 தொழிலாளர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் பேசினார்கள். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஒப்புக்கொண்டனர். 1891இன் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைக் கட்டாயமாக்கியது. லோகண்டே 1897இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணி செய்தபோது அதே நோயில் இறந்தார்.

சாதி ஒழிப்பு இயக்கத்திலிருந்து வந்த ஒருவரே இந்த ஓய்வு நாளை வாங்கிக் கொடுத்தார் என்பதை நம் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. அதே ஆலைகளில் சாதி இருந்ததையும் மறக்க வேண்டாம். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும் என்பதால், 'தீட்டு' என்று சொல்லித் தலித் தொழிலாளர்களை நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் சேர்க்க மறுத்தார்கள். ஞாயிறு எல்லோருக்கும் வந்தது. நெசவுக்கூடம் வரவில்லை.

சென்னையிலும் ஓய்வுதான் தொடக்கம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளையை நீட்டிக்க வேண்டும் என்பதே.

சம்பளத்தோடு விடுப்பு

வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைத்தாலும் அந்த நாளுக்குக் கூலி இல்லை. தினக்கூலிக்காரருக்குக் கூலியில்லா விடுமுறை என்பது அரைப் பட்டினி. ஆகவே தொழிலாளர் இயக்கத்தின் அடுத்த கோரிக்கை, கூலியோடு தொடர் விடுப்பு. 1936இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஓராண்டு வேலை செய்தவருக்குக் குறைந்தது ஆறு வேலை நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு வேண்டும் என்று உடன்படிக்கை நிறைவேற்றியது. அதே ஆண்டு பிரான்சில் பெரும் வேலைநிறுத்தங்களைத் தொடர்ந்து இரண்டு வாரம் கிடைத்தது. பிரிட்டன் 1938இல் சட்டம் செய்தது.

இந்தியாவில் அது நடந்தபோது தொழிலாளர் துறை யார் கையில் இருந்தது? 1942 ஜூலை முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். அவர் கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 1945இல் நிறைவேறி, 1946 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு, ஊதியத்துடன் தொடர்ந்து பத்து நாள் விடுப்பு. குழந்தைத் தொழிலாளிக்குப் பதினான்கு நாள். 1946இல் வந்த இன்னொரு திருத்தம் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது.

வீட்டில் ஒருவர் இல்லையென்றால் தகப்பனை இழுத்துப் போவார்கள் என்று 1928இல் பேசியவர்தான், நீ வராவிட்டாலும் உன் கூலி உனக்கு என்ற சட்டத்தைப் பதினேழு ஆண்டுகள் கழித்துக் கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் செய்தது என்ன என்று புரியும்.

1945இல் வெளிவந்த 'தீண்டத்தகாதோருக்குக் காங்கிரசும் காந்தியும் செய்ததென்ன?' நூலில் ஓய்வைப் பற்றித் தனியாகவே எழுதுகிறார். மனிதன் விலங்கைப் போல உண்டு உழைத்து மடியாமல், அறிவையும் பண்பாட்டையும் வளர்த்துக்கொள்ள ஓய்வு நேரம் வேண்டும். அந்த ஓய்வை எல்லோருக்கும் தர இயந்திரம் உதவும் என்பது அவர் வாதம். ஓய்வு சிலருடைய பிறப்புரிமையாகவும் உழைப்பு மற்றவர்களின் தலைவிதியாகவும் இருந்த சமூகத்தில், இது சாதியின் அடிப்படையையே தொடும் வாதம். அரசமைப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, வாழ்வதற்கான ஊதியத்தோடு ஓய்வை முழுமையாகத் துய்ப்பதையும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் உறுதி செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது.

240 நாள் கணக்கு

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கணக்கை மாற்றியது. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 20 நாளுக்கு ஒரு நாள் என்றது. தமிழ்நாட்டில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஓராண்டு முடித்தபின் 12 நாள் ஊதிய விடுப்பு தருகிறது. நோய்க்கும் அவசரத்துக்கும் தனித்தனியே 12 நாள்.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்தால், நடைமுறையில் அதற்கு ஒரு பூட்டு வந்துவிடுகிறது. 240 நாள் நிறைவதற்கு முன்பே 'பிரேக்' கொடுத்து அனுப்பிவிட்டு, புதிய ஆளாகத் திரும்ப எடுப்பது அந்தப் பூட்டு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாதவர்களுக்கு 180ம் ஒன்றுதான், 240ம் ஒன்றுதான்.

நம் மக்களில் பெரும்பகுதியினர் ஆலைகளுக்கு வெளியேதான் இருந்தார்கள்: வயலில், செங்கல் சூளையில், பிறர் வீட்டு அடுப்படியில், சாக்கடை ஓரத்தில். அம்பேத்கர் வாங்கித் தந்த விடுப்பு அவருடைய மக்களுக்கே கடைசியாகப் போய்ச் சேரும் நிலை இன்னும் இருக்கிறது. அதற்கான போராட்டம் நம்முடையது.

நமக்கு விடுப்பு எதற்கு?

இப்போது என் 14 நாளுக்கு வருகிறேன்.

முதல் தலைமுறையாக அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஏன் விடுப்பு எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டால், 'கோட்டாவில் வந்தவன், வேலை செய்ய மாட்டான்' என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள் என்ற பயம். அந்தப் பேச்சு வருவதற்கு முன்பே இரண்டு மடங்கு உழைத்துக் காட்டிவிட வேண்டும் என்ற பதைப்பு. இயக்க வேலையில் இருக்கும் நமக்கு இன்னொரு நியாயமும் உண்டு. அண்ணலே இரவு பகலாக உழைத்தார், நான் ஓய்வெடுக்கலாமா?

அவர் நீரிழிவோடும் நரம்பு வலியோடும் உழைத்து 65 வயதில் போய்விட்டார். அது நமக்கு இழப்பு. அந்த இழப்பையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் நமக்கென்று எழுதிவைத்தது பத்து நாள் விடுப்பு. சோம்பேறி என்ற ஏச்சுக்குப் பயந்து அதைக் கைவிடும்போது, 'வெட்டி' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டவர்களின் கணக்கைத்தான் நாமும் ஒப்புக்கொள்கிறோம். இன்னொன்றும் உண்டு. நாம் எடுக்காத விடுப்பை நிர்வாகம் உதாரணமாகக் காட்டும். "அவர் எடுக்கவில்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வி நமக்குக் கீழே இருக்கும் கடைநிலை ஊழியரிடம் போய்ச் சேரும்.

ஆகவே தோழர்களே, சில நடைமுறைச் செய்திகள். வேலை செய்த நாட்களை நீங்களே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விடுப்பை எழுத்தில் கேளுங்கள். தொழிற்சாலை என்றால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். முறையாகக் கேட்டு மறுக்கப்பட்ட விடுப்பு காலாவதியாகாது. அடுத்த ஆண்டுக்கு வரம்பின்றிச் சேரும். நான்கு நாளுக்குக் குறையாத விடுப்பு என்றால், அதற்கான ஊதியத்தை விடுப்பு தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே வேலை செய்பவர்கள், 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகளைப் படியுங்கள். நிரந்தரத் தொழிலாளியின் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே ஊதியம், அதே விடுமுறை என்று அவை கூறின.

இந்த ஆண்டு நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்து நாள், தொடர்ச்சியாக. காரணம் என்ற இடத்தில் 'சொந்த ஊர்' என்று மட்டும் எழுதினேன்.

அந்தக் குடியிருப்பில் சங்கம் தொடங்கும் பேச்சு நடக்கிறது. கோரிக்கைப் பட்டியலில் முதலில் என்ன எழுதலாம் என்று கேட்டபோது, கூலி உயர்வு என்று பலரும் சொன்னார்கள். அந்த அக்கா இரண்டாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: "ஆள் அனுப்பாம லீவு வேணும்னு எழுது பாப்பா."

எழுதியிருக்கிறோம்.

ஜெய்பீம்.