வெடித்த கால்சட்டையும் மஞ்சள் பூச்செடியும்

1931-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நியூசிலாந்தில் அது குளிர்காலம். ரிச்சர்ட் பக்லி என்ற விவசாயி தன் கால்சட்டையைக் கணப்பு முன்னால் காயப் போட்டிருந்தார். திடீரென்று அது பெரிய சத்தத்தோடு வெடித்தது! அதிர்ச்சியில் பாதி மயங்கிப் போனாலும் சமாளித்துக்கொண்டு அதைத் தூக்கி வீட்டுக்கு வெளியே எறிந்தார். புல்தரையில் கிடந்தும் அது சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே புகைந்தது. அந்தப் பகுதியின் செய்தித்தாளில் இது செய்தியாக வந்தது.

படித்தால் சிரிப்புத்தான் வரும். இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய மாஸ்ஸி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வாட்சனுக்கு 2005-ம் ஆண்டு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது. சிரித்தாகிவிட்டது. இனி சிந்திக்க வேண்டியது, ஒரு பால்பண்ணைக்காரரின் கால்சட்டையில் வெடிமருந்து எப்படி வந்தது என்பதை.

மாடுகளைக் கொன்ற செடி

எல்லாவற்றுக்கும் காரணம் ராக்வொர்ட் என்ற செடி. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தது. இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ பூக்கும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதைகளைப் பரப்பும். பிடுங்கும்போது வேர்த்துண்டு மண்ணில் தங்கிவிட்டால் அதிலிருந்தும் முளைக்கும்.

இதில் உள்ள நச்சு கல்லீரலைத் தாக்கும். மாடு இன்று தின்று நாளை சாவதில்லை. நச்சின் பாதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, வாரங்கள், மாதங்கள் கழித்து மாடு மெலியும், தள்ளாடும், சாகும். அதற்குள் கல்லீரல் கெட்டுப் போயிருக்கும். காப்பாற்ற மருந்து கிடையாது. தெற்குத் தீவில் வின்டன் என்ற ஊர்ப் பக்கம் கால்நடைகள் இப்படிச் செத்தபோது, அதை "வின்டன் நோய்" என்றே அழைத்தார்கள். 1900-களின் தொடக்கத்தில்தான் ஜான் கில்ரத் என்ற அரசுக் கால்நடை மருத்துவர், அது தொற்றுநோய் இல்லை, இந்தச் செடியின் வேலை என்று காட்டினார்.

ஆடுகள் போன பிறகு...

ஆனால் செடி வந்தவுடனே இவ்வளவு பெரிய தலைவலி ஆகிவிடவில்லை. ஏன்? செம்மறி ஆடுகள் அதை இளசாக இருக்கும்போதே மேய்ந்துவிடும். மாட்டைவிட ஆடு இந்த நச்சை நன்றாகத் தாங்கும். ஆக, கூலி வாங்காத களையெடுப்பு ஆட்கள் ஆடுகள்தான்!

பிறகு நிலைமை மாறியது. கப்பலில் குளிர்பதன வசதி வந்ததால், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பிரிட்டனுக்குப் போகத் தொடங்கின. தரனாகி போன்ற பகுதிகளில் காடு அழிந்து சிறு பால்பண்ணைகள் பெருகின. அங்கே ஆடுகள் இல்லை. பசுக்களோ கசப்பான ராக்வொர்ட்டை ஒதுக்கிவிட்டு, சுற்றியுள்ள புல்லை மட்டும் மேய்ந்தன. போட்டிக்குப் புல் இல்லாததால் செடி செழித்தது. தீவனம் குறைந்த காலத்தில் பசி தாங்காமல் அதையே தின்ற பசுக்கள் செத்தன.

கையால் பிடுங்கலாம் என்றால், குடும்பமே பால் கறந்து பிழைக்கும் பண்ணையில் அதற்கு ஆள் ஏது? 1930-களின் பொருளாதார மந்தத்தில் வெண்ணெய் விலை விழுந்தது. கூலிக்கு ஆள் வைக்கவும் பணம் இல்லை.

வந்தது சோடியம் குளோரேட்

இந்த நேரத்தில் வேளாண்மைத் துறை பரிந்துரைத்த களைக்கொல்லிதான் சோடியம் குளோரேட். தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் செடி செத்தது. ஆனால் இதற்கு இன்னொரு குணம் உண்டு. இது ஆக்சிஜனைத் தாராளமாக வெளிவிடும் உப்பு. தீக்குச்சி முனையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டின் நெருங்கிய உறவு. பருத்தியிலோ கம்பளியிலோ ஊறிக் காய்ந்தால், கொஞ்சம் சூடோ உராய்வோ போதும், பற்றிக்கொள்ளும்.

தெளிக்கும்போது நனைந்த கால்சட்டையைக் கணப்பு முன் காயவைத்தால் என்ன ஆகும்? பக்லிக்கு ஆனதுதான் ஆகும். இப்படித் தீவிபத்தைச் சந்தித்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

மாடுகளுக்கும் இது நல்லதில்லை. உப்புச் சுவைக்காக மாடு நக்கினால் குளோரேட்டே விஷம். மேலும், ராக்வொர்ட் வாடும்போது அதன் கசப்பு மாட்டுக்குத் தெரியாமல் போகிறது. நச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. மருந்தடித்த உடனே மாட்டை மேய விட்டால், காப்பாற்றப் போய்க் கொன்ற கதைதான்.

போருக்குப் பிறகு

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 2,4-டி என்ற புதிய களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது. இது தீப்பிடிக்கும் உப்பு அல்ல. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். ஆனால் குளோவர் என்ற தீவனப் பயிரும் அகன்ற இலைச் செடிதானே! நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்கு நைட்ரஜன் சேர்த்துக் கொடுப்பதே குளோவர். அதுவும் சேர்ந்து அடிவாங்கியது. குளோவர் பட்டுப்போன இடத்தில் வெற்று நிலம் உருவானால், மண்ணில் காத்திருக்கும் ராக்வொர்ட் விதைதான் முதலில் முளைக்கும்.

கடைசியில் பெரிய உதவி ஒரு பூச்சியிடமிருந்து வந்தது. 1983-ல் கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு வண்டின் புழுக்கள் ராக்வொர்ட்டின் வேரைக் குடைந்து தின்றன. பல பகுதிகளில் செடி வெகுவாகக் குறைந்தது. மழை மிகுந்த இடங்களில் மட்டும் அந்த வண்டு சரியாக எடுபடவில்லை. அங்கே களைக்கொல்லிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இந்த வரலாற்றில் களைக்கொல்லியை வில்லன் என்று சொல்லிவிட முடியாது. அது பல பசுக்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அது ஆடுகள் விட்டுப்போன வேலைக்கு வந்த மாற்று ஆள் மட்டுமே. அந்த ஆளுக்கான கூலியைக் காசாக மட்டும் கொடுத்து முடியவில்லை. மேய்ச்சல் நிலத்தில் இருந்த ஆபத்து விவசாயியின் உடுப்பிலேறி, கணப்பு எரியும் வீட்டுக்குள் வந்தது. ஒரு செடியை எதைக் கொண்டு ஒழிக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், இத்தனை நாள் அதை அடக்கி வைத்திருந்தது எது என்று கேட்டிருக்க வேண்டும்.