ஆழ்கடல் பயணத்துக்கான பழைய பாய்மரப் படகு

படகிலேயே குடியிருந்துகொண்டு சமுத்திரங்களைத் தாண்டிப் போகிறவர்களில் மிகப் பலர் வாங்குவது, பிறர் ஓட்டிய படகைத்தான். 1960கள் முதல் 1990கள் வரை கட்டப்பட்ட, 30 முதல் 40 அடி நீளமுள்ள ஃபைபர் படகுகள் இந்தச் சந்தையில் ஏராளம். அவற்றில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. படகின் உடல், ஏரா எனப்படும் அடிமரம், சுக்கான் பொருந்திய விதம், எடை ஆகியவற்றைக் கட்டியவர் அன்றே தீர்மானித்துவிட்டார். வாங்குபவரால் அவற்றைத் திருத்த முடியாது. மெத்தை, ரேடார், சூரிய மின்தகடு போன்றவற்றைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். விலை கொடுக்க வேண்டியது முன்னதற்கு. விற்பனைப் படங்களில் பளபளப்பது பின்னது.

ஃபைபர் வந்த காலம்

கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த 28 அடி நீள ஃபைபர் படகான ‘பியர்சன் டிரைட்டன்’ 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமானது. நடுத்தரக் குடும்பம் ஒன்று கடலோடும் படகு வாங்கலாம் என்ற நிலையை உருவாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அன்றைய கட்டுநர்கள் கண்ணாடியிழையின் வலிமையை முழுதாக நம்பாமல், தேவைக்கு மேல் கனமாகவே அடுக்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் பிசின் விலை ஏறிய பிறகுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். ஃபைபர் மக்காது, கடற்புழுவும் அதைத் துளைக்காது. ஆகவே 50 வயதுப் படகும் நல்ல உடலோடு கிடைக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையெங்கும் பெருகிய மீன்பிடி ஃபைபர் படகுகளும் இதே கண்ணாடியிழை, பிசின் முறையில் ஆனவைதாம்.

உடலும் ஏராவும்

பாய்மரப் படகின் ஏராவுக்கு இரண்டு வேலை: காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நழுவாமல் பிடிப்பது, சாய்ந்த படகை நிமிர்த்தும் ஈய அல்லது இரும்புப் பாரத்தைச் சுமப்பது. பழைய முறையில் ஏரா படகின் நீளத்தில் பெரும்பகுதிக்கு ஓடும். சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே தொங்கும். மிதக்கும் மரக்கட்டையில் மோதினாலும், வலையில் சிக்கினாலும் இந்தச் சுக்கான் பிழைத்துக்கொள்ளும். திசையும் சட்டென்று மாறாது. குறுகிய, ஆழமான துடுப்பு போன்ற ஏராவை அடியில் போல்ட் போட்டுப் பொருத்துவது பின்னால் வந்த முறை. அது வேகமானது, துறைமுகத்துக்குள் எளிதாகத் திரும்பும். ஆனால் தரைதட்டும்போது விழும் அடி முழுவதும் அந்த ஒரே இணைப்பில் இறங்கும். 2014இல் ‘சீகி ரஃபிகி’ என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக் நடுவில் ஏராவை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த 4 பேரும் இறந்தார்கள்.

நீள ஏராப் படகுகளின் தரத்தை வெளிப்படையாகச் சோதித்த களம், தனியாக உலகைச் சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயம். 1968–69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகான ‘சுஹைலி’யில், எங்கும் நிற்காமல் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதரானார். 50 ஆண்டு கழித்து 2018இல் பந்தயம் மறுபடி நடந்தபோது, 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி நீளமுள்ள, சுக்கான் ஏராவோடு இணைந்த படகுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. வென்றவர் 73 வயது ஜான்-லூக் வான் டென் ஹீட்; படகு ரஸ்ட்லர் 36. அடுத்த பந்தயத்தில் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் ‘கேப் ஜார்ஜ் 36’ வகைப் படகில் முதலாவதாகவும், இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி ஒரு பழைய ரஸ்ட்லர் 36இல் இரண்டாவதாகவும் 2023 ஏப்ரலில் கரை சேர்ந்தார்கள். 2018 பந்தயத்தில் 5 படகுகளின் பாய்மரம் முறிந்ததையும் மறக்கக் கூடாது. உறுதியான உடல் உயிரைக் காக்கும். தென்கடலின் அலையில் பாய்மரம் நிற்கும் என்ற உறுதியை எந்த வடிவமைப்பும் தராது.

கவிழ்ந்தால் நிமிருமா?

இந்தக் கேள்வியை 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயம் எல்லோர் முன்னும் வைத்தது. 303 படகுகள் புறப்பட்டன. அயர்லாந்துக்குத் தெற்கே புயலில் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகள் கைவிடப்பட்டன. அந்த 24இல் மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை மிதந்துகொண்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டன. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் போட்டியை முடித்தது ஒரே ஒரு படகு: ‘அசென்ட்’ என்னும் காண்டெசா 32. 1991இல் வட அட்லாண்டிக்கில் வீசிய ஒரு புயலிலும் இதே கதை நிகழ்ந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆட்களை மீட்டுக்கொண்ட பிறகு, ‘சடோரி’ என்னும் வெஸ்ட்செயில் 32 ஆளில்லாமலே மிதந்து, பெரிய சேதமின்றிக் கரையொதுங்கியது.

ஃபாஸ்ட்நெட்டுக்குப் பின் ஓர் எளிய கணக்கு புழக்கத்துக்கு வந்தது. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, வரும் எண்ணின் கனமூலத்தால் படகின் அகலத்தை (அடியில்) வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் ஆழ்கடலுக்கு ஏற்கலாம். காண்டெசா 32இன் எடை 9,500 பவுண்டு, அகலம் 9.5 அடி, விடை ஏறத்தாழ 1.8. 13 அடி அகலமும் 15,000 பவுண்டு எடையும் உள்ள படகுக்கு 2.1 வரும்.

இந்தக் கணக்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. எடை எங்கே இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. ஏராவில் உள்ள ஈயத்தைப் பாய்மர உச்சியில் கட்டிவைத்தாலும் அதே விடைதான் வரும். ஆகவே எத்தனை பாகை சாய்ந்த பிறகு படகு நிமிர மறுக்கும் என்ற அளவையும் கேட்டு வாங்க வேண்டும். காண்டெசா 32க்கு அது 150 பாகைக்கும் மேல். 120க்கு மேல் இருந்தால் மனம் அமைதியாக இருக்கும். முந்தைய உரிமையாளர் பாய்மரத்தில் ஏற்றிய ரேடாரும் மேல்தளத்தில் அடுக்கிய டீசல் கேன்களும் இந்த அளவைக் குறைக்கும்.

ஒளிந்திருக்கும் பழுதுகள்

பழைய படகில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் மேல்தளம். எடையைக் குறைப்பதற்காக இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரத்தைப் பலர் வைத்தார்கள். கம்பித் தூண், கொக்கி, ஜன்னல் என்று மேல்தளத்தைத் துளைத்த ஒவ்வொரு திருகு வழியாகவும் ஆண்டுக்கணக்கில் நீர் இறங்கி, உள்ளிருக்கும் மரம் கூழாகிவிடும். படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் சிறு சுத்தியலால் ஓர் அடி விட்டு ஓர் அடியாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடம் மந்தமாக ‘தொப்’ என்று கேட்கும். நடக்கும்போது காலடியில் தளம் லேசாக அமுங்கினால் சுத்தியலே தேவையில்லை. ஃபைபருக்கு மேல் தேக்குப் பலகையைத் திருகிப் பதித்த தளங்களில் ஆயிரக்கணக்கான திருகுகள். அத்தனையும் நீர் இறங்கும் வழிகள்.

அடுத்தது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை உடலோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகள். கடலோடிகள் செயின்பிளேட் என்பார்கள். துருப்பிடிக்காத எஃகு, காற்றுப் படும் இடத்தில்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். மேல்தளத்தின் ஊடே போகும் அந்த ஓரிரு அங்குலத்தில் ஈரம் தங்கி, காற்றுப் புகாமல் போனால், உள்ளுக்குள்ளேயே வெடிப்பு ஓடும். வெளியே தெரிவது மெல்லிய பழுப்புக் கறை மட்டுமே. அந்தப் பட்டை அறுந்தால் பாய்மரம் போய்விடும். உள்ளறையின் மரவேலைக்குப் பின்னால் அதைப் பார்க்கவே முடியாதபடி மூடிய படகுகள் பல. கழற்றிப் பார்க்க உரிமையாளர் அனுமதிக்காவிட்டால், மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். கம்பிகளுக்கும் ஆயுள் உண்டு. 10 முதல் 15 ஆண்டு ஆனவற்றை மாற்றச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகக் கேட்கின்றன.

படகின் அடியில் ஃபைபர் கொப்பளிப்பது, 1970, 80களின் படகுகளில் பரவலாகக் காணப்படும். வாங்குபவர்கள் இதற்கு அஞ்சும் அளவுக்கு அது ஆபத்தானதன்று. விலையைக் குறைக்க நல்ல காரணம். கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளோ உண்மையாகவே மூழ்கடிக்கக்கூடியவை. பித்தளையில் துத்தநாகம் கரைந்துபோய், எஞ்சிய செம்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வைக் கையால் அசைத்தாலே முறியும்.

எஞ்சினைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும்: அதைக் குளிர்ந்த நிலையில், வாங்குபவர் கண்முன் முடுக்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை, போதிய காற்று இல்லாததையோ மிகுந்த சுமையையோ காட்டும். எரிவாயு உருளை வைக்கும் பெட்டியின் வடிகால் கடலை நோக்கி இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் அவசரம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிக்குழியில் தேங்கிக்கொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

குடியிருக்கும் வசதி

துறைமுகத்தில் சுகமாக இருப்பது கடலில் இம்சையாக மாறலாம். அகன்ற கூடம், முன்முனையில் இருவர் படுக்கும் பெரிய கட்டில், கண்காட்சியில் மனதைக் கவரும். அலையில் படகு சாயும்போது அந்தக் கூடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. முன்முனைக் கட்டிலில் ஆள் தூக்கியெறியப்படுவார். படகின் நடுப்பகுதியில், தோளகலமே உள்ள படுக்கையும், உருண்டு விழாமல் தடுக்கும் துணித் தடுப்பும் இருந்தால்தான் கடலில் தூங்க முடியும். சமைப்பவர் இடுப்பைச் சாய்த்து நிற்க வாகாக, மூன்று பக்கமும் மூடிய சிறிய அடுப்படி நல்லது. தங்கி வாழ்பவரின் உடைமை, உணவு, நீர், கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னை எளிதில் தாண்டும். எடை குறைவாகக் கட்டிய வேகப் படகு இதைச் சுமந்தால் நீரில் அமுங்கித் தன் வேகத்தை இழந்துவிடும்.

விலையும் பத்திரமும்

பயணத்தைப் பாதியில் முடித்துக்கொள்பவர்கள் படகை விற்கும் இடங்களில், அதாவது புக்கெட், லங்காவி, பனாமா, நியூசிலாந்து போன்றவற்றில், கடல் கடந்து தம்மை நிரூபித்த படகுகள் மலிவாகக் கிடைக்கும்; நங்கூரம், காற்றில் இயங்கும் தானியங்கிச் சுக்கான் முதலியவை கூடவே வரும். வெப்பமண்டல வெயிலில் பாய்களும் தளமும் நலிந்திருக்கும் என்பதால் மலிவு ஓரளவு ஈடாகிவிடும். சர்வேயரை வாங்குபவரே தேடி அமர்த்த வேண்டும். தரகர் காட்டும் ஆளைத் தவிர்ப்பது நல்லது. படகைக் கரையேற்றிப் பார்க்காமல் ஒப்பந்தத்தை முடிக்கக் கூடாது. நல்ல காற்றில் ஒரு நாள் ஓட்டியும் பார்க்க வேண்டும்.

படகின் மேல் பதிந்த கடன், விற்ற பிறகும் படகோடேயே வரும். பிரிட்டனின் சிறு கப்பல் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது. கட்டுநரின் சான்றிதழ் தொடங்கி, கைமாறிய ஒவ்வொரு முறைக்குமான விற்பனைப் பத்திரம் வரை தொடர் அறாமல் கேட்டு வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்திருக்கும் எண்ணமிருந்தால், மதிப்புக்கூட்டு வரி கட்டியதற்கான மூல ரசீதும் அவற்றோடு இருக்க வேண்டும்.