பொருத்தில் பிறந்த அழகு: அமெரிக்க பூல் கோலும் அதன் மரங்களும்

அமெரிக்காவில் பூல் ஆட்டக்காரர்கள் தமக்கெனச் சொல்லிச் செய்துகொள்ளும் கோல்களில், கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கிக் கூர்ந்து ஏறும் கருநிற முனைகளே முதலில் கண்ணைக் கவரும். இன்று அவை வெறும் அலங்காரமாகத் தோன்றினாலும், கனத்த மரத்தையும் இலேசான மரத்தையும் பிரியாமல் இணைக்க வேண்டிய தேவையிலிருந்து உருவானவை.

ஏறத்தாழ 147 செ.மீ. நீளமும் 500 முதல் 600 கிராம் வரை எடையும் கொண்ட இக்கோலின் முன்பகுதி நேராகவும் விறைப்பாகவும், அதே நேரத்தில் அடியின் அதிர்வைத் தாங்கும் நெகிழ்வோடும் இருக்க வேண்டும் என்பதால், வட அமெரிக்கக் குளிர்ப்பகுதிகளில் மெதுவாக வளர்ந்து நெருக்கமான ஆண்டு வளையங்கள் கொள்ளும் சர்க்கரை மேப்பிள் மரம் அதற்கு வழக்கமாயிற்று. எடை பின்கைக்கு வர வேண்டியிருந்ததால், அடிப்பகுதிக்கு ரோஸ்வுட், கருங்காலி போன்ற வைரம் பாய்ந்த மரங்கள் தேவைப்பட்டன. இரண்டு மரங்களின் முனைகளையும் நீண்ட ஆப்புகளாக அறுத்து, ஒன்றின் பிளவில் மற்றொன்று நுழையுமாறு பசையிட்டு இறுக்கிப் பின்னர் கடைந்தால், பசை பற்றும் பரப்பு பெருகுவதோடு, உள்ளே செருகிய ஆப்புகள் வெளியே கூர்முனைகளாகத் தெரியும். 'முழுப் பொருத்து' எனப்படும் இம்முறையில், முனைகளின் விளிம்பில் சாயமேற்றிய மெல்லிய வெனீர்த் தகடுகள் பதித்து, 1845-இல் சின்சினாட்டியில் தொடங்கிய பிரன்ஸ்விக் நிறுவனம் ஆட்டக்கூடங்களுக்காகச் செய்த 'டைட்லிஸ்ட்' கோல்கள் பெயர்பெற்றவை.

தனிக் கைவினைஞர்களின் காலம் இக்கோல்களிலிருந்தே கிளைத்தது. ரஷ்யாவில் பிறந்து 1924-இல் அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் பாலபுஷ்கா, 1959 முதல் புரூக்ளினில் டைட்லிஸ்ட் கோல்களை அறுத்து, இரண்டாகக் கழற்றிச் சேர்க்கும் கோல்களாக மாற்றி அமைத்தார். பின்னர் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோர் செய்த கட்டைகளையும் பயன்படுத்தினார். இக்காலத்தில் பரவிய 'அரைப் பொருத்து' முறையில், முன்கட்டையின் மேற்பரப்பில் 'வி' வடிவப் பள்ளம் கடைந்து அதில் ஆப்பை ஒட்டுவர். முனை இனி கோலைத் தாங்க வேண்டியதில்லை என்றானபின், மரத்தைத் தோற்றத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைத்தது. சிறு கண்கள் சிதறியதுபோல் சுழிகள் கொண்ட 'பறவைக்கண்' மேப்பிள், அலையலையாக ஒளி மாறும் சுருள்வரி மேப்பிள், அறுத்தபின் காற்றுப்பட்டு ஊதா நிறமேறும் பர்ப்பிள்ஹார்ட், செம்மையும் கருமையும் ஓடும் மத்திய அமெரிக்க கோகோபோலோ ஆகியவை பட்டறைகளுக்கு வந்தன.

அழகிய மரம் எளிதில் வசப்படுவதில்லை. கோகோபோலோவில் எண்ணெய்ப்பசை மிகுதி. ஆகவே ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்காவிடில் பசை பிடிப்பதில்லை. கருங்காலி சரியாக உலராவிடில் வெடிக்கும். வரி சுழலும் மரத்தில் கோட்டம் விழும் வாய்ப்பு அதிகம் என்பதால், தேர்ந்த கைவினைஞர் கட்டையை ஒரே மூச்சில் கடையாமல், சிறிது கடைந்து, பல வாரங்கள் தொங்கவிட்டு, அது வளைந்ததா எனப் பார்த்த பின்னரே அடுத்த சுற்றுக்கு எடுப்பர்.

இத்தேர்வைப் பின்னாளில் சட்டமும் வழிநடத்தியது. பிரேசில் ரோஸ்வுட், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992-இல் சேர்க்கப்பட்டதால், அதன் பன்னாட்டு வாணிகம் ஏறத்தாழ நின்றது. 2017 தொடக்கத்தில், கோகோபோலோவையும் தமிழகத்தார் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அறிந்த மரத்தையும் உள்ளடக்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதுமே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அரிய மரத்தின் நடுவே துளையிட்டு நேர்வரி மேப்பிள் தண்டைச் செருகும் முறை இன்று பரவலாக வழக்கிலுள்ளது; அது கோட்டத்தைத் தடுப்பதுடன், தனித்து நிற்க வலுவில்லாத முடிச்சு மரங்களையும் பயன்படுத்த இடமளிக்கிறது. ஒரு காலத்தில் கோலின் எடையையும் உறுதியையும் சுமந்த வண்ண மரம், இவ்வாறு மேப்பிளின் மேல் போர்த்திய உறையாக மாறியிருக்கிறது.