யானையேற்றிய மரக்கலங்கள்

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை கூறுவதைத் தமிழாசிரியர் அறிவர். குதிரையினும் பன்மடங்கு பளுவான சரக்கொன்று தமிழர் துறையிலிருந்து கடலேறியதை நாம் அதிகம் பேசுவதில்லை. அது யானை.

பளு என்றதும் பண்டார் தெங்காரா வாசகர்க்குப் பாசிர் கூடாங் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நினைவுக்கு வரலாம். அவை இல்லாத நாளில், சில டன் எடையுள்ள உயிர்ச்சரக்கை ஏற்றியது எங்ஙனம்?

இலங்கையார் இதற்கெனவே தனிக் கலங்கள் கட்டி, யானைகளைக் கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்று ஈலியன் எழுதினார். தனிக்கலம் வேண்டியதுதான்; அசையும் பாரம் சிறுகலத்தைக் கவிழ்த்துவிடுமன்றோ?

ஏற்றிய முறையை விளக்குபவர், 18ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் பணியிலிருந்த செர்மானியர் உல்ஃப். யானையின் மார்பையும் வயிற்றையும் இரட்டைப் பாய்த்துணியால் இறுகச் சுற்றிக் கயிறு பிணைப்பர். பழகிய யானைகளின் துணையோடு அதனைக் கடலில் இறக்குவர். கப்பலை அடைந்ததும் கப்பியிட்டு மேலே தூக்குவர். ஆழநீர்க் கப்பல்வரை பாரத்தைக் கொண்டு சேர்க்கும் வேலையைப் பாரமே நீந்திச் செய்துவிட்டது!

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கீசியர் ‘யானைத்துறை’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். அப்பெயரில் துறையைக் குறித்த சொல்லே ஆங்கிலத்தில் ‘கயிட்ஸ்’ எனத் திரிந்தது என்பர். யானையைக் குறித்த சொல் உதிர்ந்துபோயிற்று.