முழங்கால் மடக்கும் கைத்துப்பாக்கி

துப்பாக்கியால் சுட்டால் குண்டு முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நம் பாடநூல்கள் காட்டும் சான்று இது. அந்தப் பின்னுதைப்பை வீணாக்காமல், காலியான தோட்டா உறையை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவைக் குழலில் ஏற்றப் பயன்படுத்தினால் என்ன? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறிஞர்கள் சிலர் கேட்ட இக்கேள்வியிலிருந்தே அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி பிறந்தது.

அதற்கு முன்பே ஏன் பிறக்கவில்லை? தடை வெடிமருந்தில் இருந்தது. பழைய கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மப் பொருளாக மாறும். புகையாய்ப் போனது போக, மிச்சம் கரியாக ஒட்டிக்கொண்டு நுண்ணிய உறுப்புகளைச் சிக்க வைத்துவிடும். 1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கிய பிறகே வழி பிறந்தது. 1893இல் ஹூகோ போர்ஷார்ட் என்பவர் பெர்லினில் ஒரு கைத்துப்பாக்கியை அமைத்தார். அது கைக்கு அடங்காத பெரிய கருவி. கெயார்க் லூகர் அதைத் திருத்திச் சிறிதாக்கினார். லூகரின் துப்பாக்கியை 1900இல் சுவிட்சர்லாந்தும், 1904இல் ஜெர்மன் கடற்படையும், 1908இல் ஜெர்மன் தரைப்படையும் ஏற்றுக்கொண்டன.

இதன் உயிர்நாடி முழங்கால் போன்ற ஒரு மூட்டு. காலை நேராக நீட்டிப் பாதத்தைச் சுவரில் ஊன்றிப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் கால் மடங்காது. யாராவது முழங்காலின் அடியில் லேசாகத் தட்டினால் போதும், மடங்கிவிடும்! லூகரிலும் இதுதான் நடக்கிறது. சுட்டவுடன் குழலும் நேராக நிற்கும் மூட்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்னே நகரும். அதற்குள் குண்டு வெளியேறிவிடும். பிறகு மூட்டின் குமிழ்கள் சட்டத்தின் சரிவில் மோத, மூட்டு மேல்நோக்கி மடங்கும். காலி உறை வெளியே தெறிக்கும். அழுந்திய வில் மூட்டை மீண்டும் நிமிர்த்தும். நிமிரும் மூட்டு அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும்.

அழகான அமைப்புதான். ஆனால் இதற்குத் தனியாக ஆற்றல் ஊற்று ஏதுமில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தோட்டாவும் அடுத்த தோட்டாவுக்கான கூலியைக் கொடுத்தாக வேண்டும். வெடிமருந்து சற்று வலுக்குறைந்தால் மூட்டு முழுதாக மடங்காது. காலி உறை வாயிலிலேயே சிக்கிக்கொள்ளும். வில் தளர்ந்தாலோ, மூட்டு முழுதாக நிமிராமல் நின்றுவிடும். முதலில் தட்டு வில் வைத்திருந்த லூகர், 1906இல் சுருள்வில்லுக்கு மாறினார். சுருள்வில்லும் நாளடைவில் தளரும். பழைய துப்பாக்கிகளின் நோய்களில் பெரும்பாலானவை வில்லில்தான் தொடங்குகின்றன.

அடுத்த நோய் கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டி. மூட்டு போய்த் திரும்பும் கண்ணிமைப் பொழுதுக்குள் அடுத்த தோட்டா மேலே எழுந்து நிற்க வேண்டும். லூகரின் கைப்பிடி மிகவும் சாய்ந்திருப்பதால் பெட்டியின் வில் வலுவாக இருந்தே தீரவேண்டும். அது சோர்ந்தாலோ, பெட்டியின் விளிம்பு தகடளவு வளைந்தாலோ தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும்.

துருவின் கதை வேதியியல் மாணவர்களுக்குச் சுவையானது. அக்காலத் தோட்டாக்களின் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடு ஆகும். சமையல் உப்பின் உறவினனான இந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரித்தது. எண்ணெய் பூசிப் பயனில்லை. உப்பு எண்ணெயில் கரையாதே! வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் பூசுவதே சரியான மருந்து.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, என் கருத்தில், அதன் நேர்த்தியே. உறுப்புகள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்துமாறு அராவப்பட்டன. பதுங்குகுழிச் சேற்றில் ஒரு சிட்டிகை மணல் புகுந்தாலும் நகர்வதற்கு இடமில்லை. எதிரி அருகில் நிற்கையில் கருவி சிக்கிக்கொண்டால் அந்தப் படைவீரனின் கதி என்ன? அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் வேறு வழியில் சென்றார். மூட்டுக்குப் பதிலாகக் குழலை மூடிச் சறுக்கும் ஒரு கனத்த உறையை வைத்தார். உறுப்புகளுக்கிடையே கொஞ்சம் தளர்ச்சியும் விட்டார். 1911இல் அமெரிக்கப் படை நடத்திய சோதனையில் அவருடைய துப்பாக்கி 6,000 தோட்டாக்களைச் சுட்டும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. கையில் குலுக்கினால் சற்றே கடகடக்கும் கருவி, கடிகாரம் போன்ற கருவியை வென்றது.

1938இல் ஜெர்மன் படை லூகருக்கு மாற்றாக வால்தர் துப்பாக்கியைத் தேர்ந்தது. 1942இல் அப்படைக்காக லூகர் செய்வதும் நின்றது.

இன்று அருங்காட்சியகத்தில் ஒரு லூகரைக் கண்டால் உற்றுப் பாருங்கள். சின்னஞ்சிறு உறுப்புகளிலும் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் சரியாகப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. பல துப்பாக்கிகளை ஒருசேரக் கழற்றும் பணியாளர் அவற்றைக் கலந்துவிடாமலிருக்கவே இந்த எண்கள். எல்லா எண்களும் ஒத்திருக்கும் லூகருக்குச் சேகரிப்பாளர்கள் இன்று கூடுதல் விலை தருகிறார்கள்.